பத்துக் கலத்து நிலம்

எங்கள் ஊரில் அகிலாண்டத்தின் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். எக்சு வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அந்தப் பெயர் அவளுக்கு எப்படி வந்தது என்று நடவுக்குப் போகிற பெண்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருந்தவள் நான்.

நானும் அகிலாண்டமும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சைக்கு முன்பே நான் பெரியவளாகிவிட்டேன். அத்தா படிப்பை நிறுத்திவிட்டார். அத்தாவின் பெயர் மீரா சாகிப். மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை போகும் சாலையில் மளிகையும் உரமும் விற்கிற கடை அவருடையது. வீட்டின் முன்பாதி கடை, பின்பாதியில் நாங்கள். நடுவில் ஒரு பச்சைத் திரை. ஊரில் நடப்பதையெல்லாம் அதன் பின்னாலிருந்தே தெரிந்துகொள்வேன். வெளி ஆண்களுக்கு என் குரல் கேட்கக் கூடாது. இயல்பிலேயே நான் பேசாதவள் என்பதால் அது எனக்குக் கஷ்டமாகவும் இல்லை.

அகிலாண்டம் மேலே படித்தாள். அவள் அப்பா வீரையன், பண்ணைக்கு அறுவடை செய்கிற முப்பது வீட்டுக்கும் தலைவர் மாதிரி. அந்தத் தெருவிலிருந்து மன்னார்குடி உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் ஆள் அவள்தான், ஆண்களையும் சேர்த்து. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே எங்கள் கொல்லைக்கு வருவாள். துவைக்கிற கல்லில் அவள் உட்காருவாள், அடுப்படிப் படியில் நான். அன்றைக்கு வகுப்பில் போட்ட கணக்கை எனக்குச் சொல்வாள். மற்றப் பாடங்களைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

"கேளு ஹபீபு. அப்பன் வயசு மக வயசைப் போல நாலு மடங்கு. இன்னும் இருபது வருசம் கழிச்சு ரெண்டு மடங்குதான். மகளுக்கு என்ன வயசு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல? தெரியாததுக்கு ஒரு பேரு வச்சுடு. எக்ஸுன்னு வை. மக எக்ஸ். அப்பன் நாலு எக்ஸ். இப்ப ரெண்டு பேர் மேலயும் இருபதைத் தூக்கி வை."

கரித்துண்டால் கல்லிலேயே எழுதுவாள். மகளுக்குப் பத்து, அப்பாவுக்கு நாற்பது என்று வந்து நிற்கும். எனக்கு மயிர்க்கூச்செறியும்.

"எங்கப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஆவாது" என்பாள். "வயசு என்னப்பான்னா, பெருவெள்ளத்தப்ப எனக்குக் கோவணம் கட்டத் தெரியும்ங்கிறாரு. கோவணத்தை எந்தப் பக்கம் எழுதுறது?"

இருவரும் சிரிப்போம். என் சிரிப்பு கடைக்குக் கேட்டுவிடுமோ என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

வார்த்தைக் கணக்கில் முக்கால்வாசி வெறும் பேச்சு என்பது அவள் சொன்னதுதான். பேச்சைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தெரிந்தவை சில, தெரியாதது ஒன்று. அந்தத் தெரியாததை அவசரப்பட்டுத் தெரிந்ததாக்கிவிடக் கூடாது என்பாள். பதினோராம் வகுப்பு முடித்து, ஆசிரியப் பயிற்சி படித்து, கணக்கு டீச்சராக வேண்டும் என்பது அவள் எண்ணம். "உங்க வீட்டுப் பசங்களுக்கு நான்தான் வாத்தியாரு, பாரு" என்பாள். அப்படியே நடக்கும் என்றுதான் நானும் நம்பினேன்.

1967ஆம் வருஷம், ஆட்சி மாறி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் பத்தாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூலிக்காக ஊர் ஊராகச் சிவப்புக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. போலீஸ் வண்டி எங்கள் கடை வாசலில் நின்று சோடா குடித்துவிட்டுப் போகும். எங்கள் ஊரிலும் அந்த வருஷக் குறுவை நடவுக்கு முன்னாலேயே கூலியைப் பேசி முடித்தால்தான் வயலில் இறங்குவோம் என்று வீரையன் தெரு சொல்லிவிட்டது.

அதுவரை அறுவடைக் கூலி கலத்துக்கு ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அதை ஒன்றரை மரக்காலாக ஆக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. பண்ணை அதற்கு மாற்றாக வேறொன்று சொன்னது. கலத்துக்குப் பழையபடி ஒரு மரக்கால்தான். ஆனால் அறுக்கிற ஒவ்வொரு மா நிலத்துக்கும், விளைந்தாலும் விளையாவிட்டாலும், ஆறு மரக்கால் தனியாக உண்டு. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி.

பேச்சு எங்கள் கடை வாசலில்தான் நடந்தது. வீரையன் ஆட்கள் பண்ணை வீட்டுக்குள் போக முடியாது. பண்ணைக் காரியக்காரர் அவர்கள் தெருவுக்குப் போகமாட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாகக் கால் வைக்க ஊரில் இருந்த ஒரே இடம் பாய் கடை.

அதற்கு நாலு நாளைக்கு முன்பு ஒரு காலையில் லாரியில் பதினான்கு மூட்டை வந்து இறங்கியது. உரம் வைக்கிற முன் அறையில் வைக்காமல் உள்ளே எங்கள் படுக்கை அறையில் அடுக்கச் சொன்னார் அத்தா. ஆடுதுறை இருபத்தேழாம் நம்பர் விதைநெல். வடக்கே சில ஊர்களில் போட்டிருக்கிறார்கள் என்று பேச்சாக மட்டும் கேட்டிருந்தோம். எங்கள் பக்கம் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கூட வந்த விவசாய ஆபீஸ்காரர் அத்தாவிடம் சொன்னது திரைக்குப் பின்னால் எனக்குக் கேட்டது.

"மாவுக்குப் பதினெட்டுக் கலம் கண்டிப்பா காணும் பாய். பண்ணைக்கு நாலு வேலிக்கும் இதுதான்."

அவர் போனதும் அத்தா உள்ளே வந்தார். "கடைக்குள்ள வந்தது கடைக்குள்ளேயே இருக்கணும். பண்ணையில சொல்லி விட்டிருக்காங்க. விளங்குதா?" என்றார். நான் தலையாட்டினேன். அந்த நாலு ராத்திரியும் மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தேன்.

பேச்சு நடந்த நாள் காலை பத்து மணி இருக்கும். காரியக்காரர் ரெத்தினம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சங்கத்து மருதையன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார். வீரையனும் இருபது முப்பது பேரும் சாலையோரம் நின்றார்கள். வீரையன் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு அகிலாண்டம். திரையின் ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி உண்டு. என் கண் அதில்தான் இருந்தது.

"என்ன வீரையா, வக்கீலைக் கூட்டிக்கிட்டு வருவேன்னு பார்த்தா தாவணியைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கே?" என்றார் ரெத்தினம்.

"எம் மவ பத்தாவதுங்க. கணக்கு போடுமுங்க" என்றார் வீரையன். குரல் பணிவாக இருந்தாலும் அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்ததைப் பார்த்தேன்.

மருதையன் மெதுவாகச் சொன்னார்: "கணக்கு இருக்கட்டும் தங்கச்சி. கேக்காம ஒருத்தன் குடுக்குறான்னா அதுல ஏதோ இருக்கு. ஒன்றரை மரக்காலை விட்டு இறங்காதீங்க."

"இருங்க அண்ணே, பார்த்துடுறேன்" என்றாள் அகிலாண்டம். நோட்டை முழங்காலில் வைத்து எழுதினாள். எழுதியதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மாவுக்கு விளையுறது எக்ஸ் கலம்னு வச்சுக்குங்க. சங்கத்துக் கணக்குல நமக்கு ஒன்றரை எக்ஸ் மரக்கால். பண்ணைக் கணக்குல எக்ஸ் மரக்கால், கூட ஒரு ஆறு. ரெண்டும் எங்க ஒண்ணாகுதுன்னா, பன்னெண்டு கலத்துல. பன்னெண்டுக்கு மேல விளைஞ்சா சங்கத்துக் கணக்கு நல்லது. கீழே விளைஞ்சா பண்ணைக் கணக்கு நல்லது."

ரெத்தினம்கூட அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்ப நம்ம பூமி என்ன காணும்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பத்து" என்றது கூட்டம், ஒரே வாயாக.

எங்கள் பக்கத்தில் நிலத்துக்கு அதுதான் அடையாளம். பத்துக் கலத்து நிலம், எட்டுக் கலத்து நிலம் என்றுதான் விற்பார்கள், அடகு வைப்பார்கள், பெண்ணுக்குச் சீர் கொடுப்பார்கள். ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். அதற்காக யாரும் அந்த எண்ணை மாற்றமாட்டார்கள். பண்ணையின் நாலு வேலியும் பத்துக் கலத்து நிலம். ஆற்றில் தண்ணீர் வருவதைப் போல, அமாவாசை வருவதைப் போல, அவர்களுக்கு அது தெரிந்த விஷயம்.

"பன்னெண்டெல்லாம் எங்க தாத்தன் காலத்துலயே கண்டதில்ல" என்றாள் வைரக்கண்ணு. அவள் அகிலாண்டத்துக்குப் பெரியம்மா முறை.

"பத்துன்னா சங்கத்துக்குப் பதினஞ்சு, பண்ணைக்குப் பதினாறு. மாவுக்கு ஒரு மரக்கால் நமக்குக் கூட" என்றாள் அகிலாண்டம்.

என் கையில் சீனி மடிக்கிற காகிதம் ஒன்று இருந்தது. அவள் எழுதியதை நானும் எழுதிக்கொண்டே வந்திருந்தேன். அவள் பத்து என்று போட்ட இடத்தில் நான் பதினெட்டு என்று போட்டேன். சங்கத்துக் கணக்கில் இருபத்தேழு. பண்ணைக் கணக்கில் இருபத்துநாலு. மாவுக்கு மூன்று மரக்கால் நஷ்டம். இன்னொரு தடவை போட்டேன். அதேதான் வந்தது.

"மூணு வருசத்துக்கு எழுதிடுவோம். வருசா வருசம் எதுக்குச் சண்டை?" என்றார் ரெத்தினம்.

"பாய், தாள் எடுங்க" என்றார் அத்தாவிடம்.

அத்தா தாள் எடுக்க உள்பக்கம் திரும்பினார். திரை இடுக்கில் என் கண்ணை அவர் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். நான் அந்தக் காகிதத்தை மடித்தேன். கொல்லைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், அகிலாண்டத்தை ஜாடையில் கூப்பிட்டு, அதைக் கையில் கொடுத்திருக்கலாம். பேசக்கூட வேண்டியிருந்திருக்காது. முப்பது அடி நடந்தால் போதும். நான் அடுப்படிக்குப் போய் உலையை இறக்கினேன். திரும்பி வந்தபோது கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். சாட்சிக் கையெழுத்து அத்தாவுடையது.

எல்லோருக்கும் அத்தா டீ கொடுத்தார். போகும்போது ரெத்தினம் தன் சட்டைப் பையிலிருந்த மைப்பேனாவை எடுத்து அகிலாண்டத்திடம் நீட்டினார். "கெட்டிக்காரி. நல்லாப் படி." எல்லோர் முன்னாலும் நீட்டியதை அவளால் மறுக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

நாற்றங்காலில் விதை விட்ட அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் கொல்லைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஹபீபு, பண்ணையில புது விதை விட்டிருக்காங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"மன்னார்குடியிலேருந்து வந்திருக்கும்" என்றேன்.

"எப்ப வந்துச்சு?"

"தெரியலையே."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிப் போனாள். என்னை அவள் சந்தேகப்படவே இல்லை.

ஐப்பசி அறுவடையில் மாவுக்குப் பதினெட்டுக்குச் சற்று மேலேயே கண்டது. அவ்வளவு பெரிய நெற்பொலியை அந்தக் களத்தில் யாரும் பார்த்ததில்லை. அளந்து முடித்தபோது, ஒன்றரை மரக்கால் என்று எழுதியிருந்தால் வீட்டுக்கு எட்டு மரக்கால் கூட வந்திருக்கும் என்று மருதையன் வந்து சொல்லிவிட்டுப் போனார். எட்டு மரக்கால் என்றால் ஒரு வீட்டுக்கு ஒரு வாரச் சோறு. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் மிச்சம் இருந்தது.

"எங்க வூட்டு எட்டு மரக்காலை எக்சு தின்னுடுச்சாம்டி" என்றாள் வைரக்கண்ணு. களமே சிரித்தது. மறுநாளிலிருந்து அகிலாண்டம் எக்சு ஆகிவிட்டாள். "ஏ எக்சு, கட்டு எத்தனைன்னு எண்ணு பாப்போம். நீ எண்ணுனா பாதிதானே இருக்கும்!"

சிரிப்போடு நின்றிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பிறகு யாரோ அந்தப் பேனாவை நினைவுபடுத்தினார்கள். சும்மாவா கொடுப்பான் ரெத்தினம்? முன்கூட்டியே இவளிடம் பேசி வைத்திருக்கிறான், பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிறேன் என்று சொல்லியிருப்பான் என்று கிளம்பியது. வீரையன் அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு போய்ப் பண்ணை வாசலில் போட்டுவிட்டு வந்தார். அப்புறம் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நெசத்தைச் சொல்லு. அவன் முன்னாடியே உங்கிட்டப் பேசுனானா?"

"இல்லப்பா."

அவர் நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. "பள்ளிக்கூடம் போதும்" என்றார். கார்த்திகையில் அவள் சம்பா வயலில் களை எடுக்க இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையை நான் கடைத் திரை வழியாகவே பார்த்தேன். அதே தெருவில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பெண், ஒரு பையன். நடவில் அவள் கை வேகத்துக்கு ஈடு கிடையாது என்பார்கள். களத்தில் அளக்க மரக்காலை எடுத்தால் மட்டும் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் கழுவப் போய்விடுவாள். அளந்து முடித்த பிறகுதான் வருவாள். பிள்ளைகள் கணக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது, வாத்தியாரைக் கேளுங்க என்பாளாம். கடையில் சாமான் வாங்கினால் பாக்கிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் முடிந்துகொள்வாள். எனக்கும் கல்யாணமாகி, இதே வீட்டிலேயே குடித்தனமாகி, கணவர் ஜெக்கரியா துபாய் போய் வந்துகொண்டிருந்தார். வழியில் பார்த்தால் அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

1986இல் அத்தா மவுத்தானார். நாற்பது கழிந்து, நோன்பு தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் அகிலாண்டம் துக்கம் கேட்க வந்தாள். நடவுக்காரப் பெண்கள் யாரும் வீட்டுக்குள் வரமாட்டார்கள். கொல்லையில்தான் உட்கார்ந்தாள். நாற்பது வயது ஆகவில்லை, முன்பற்கள் இரண்டு போயிருந்தன.

"பாய் நல்ல மனுசன்" என்றாள். "ஒப்பந்தம் எழுதுன அன்னிக்குக்கூட எங்க எல்லாருக்கும் டீ குடுத்தாரு. காசு வாங்கல."

அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பதினான்கு மூட்டை, ஆபீஸ்காரர் சொன்ன பதினெட்டு, சீனிக் காகிதம் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

துவைக்கிற கல்லை அவள் கையால் ஒரு முறை தடவினாள்.

"ஒப்பந்தத்துக்கு எத்தனை நாளைக்கு முன்னாடி வந்துச்சு மூட்டை?"

"நாலு நாள்."

"நாலு நாளும் சாயங்காலம் இங்கதானே உக்காந்திருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரியைச் சரி பார்ப்பது போலச் சொன்னாள். பிறகு எழுந்தாள். "எழுந்திரு, வா."

"எங்கே?"

"எங்கப்பாகிட்ட. தெருவுக்கெல்லாம் சொல்ல வேணாம். தெரு எப்பவோ மறந்துடுச்சு, பேரு மட்டும்தான் மிச்சம். அவரு மறக்கல. இத்தனை வருசமா எங்கையால கஞ்சி வாங்கிக் குடிக்கிறாரு, மூஞ்சியை நிமிந்து பாக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆளு கிடையாது. நீ வந்து சொல்லு. போதும்."

அப்போதே எழுந்து போயிருக்கலாம். அத்தாவின் பெயர் அதில் இருந்தது. கடையை இப்போது தம்பி பார்க்கிறான், பண்ணைக்கு இன்னும் உரம் போகிறது. அந்தத் தெருவுக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. இத்தனையும் ஒன்றாக வந்து என் காலைப் பிடித்தன.

"நோன்பு முடியட்டும் அகிலாண்டம். பெருநாள் கழிஞ்சதும் கட்டாயம் வர்றேன்."

"பெருநாள் எப்ப?"

"இன்னும் பதினெட்டு நாள்."

"சரி. பதினெட்டு நாள்" என்றாள்.

அன்று இரவே தம்பியிடம் சொன்னேன். "பழசைக் கிளறாதே அக்கா. அத்தா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றான். இருந்தாலும் போவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருநாள் மறுநாள் என்று எனக்குள் தேதிகூடக் குறித்து வைத்திருந்தேன்.

இருபத்திரண்டாம் நோன்பு அன்று காலையில் அவர்கள் தெருவிலிருந்து பறைச் சத்தம் கேட்டது. யாருக்கு என்று கடையில் விசாரித்தார்கள். வீரையன், ராத்திரி தூக்கத்திலேயே என்றார்கள்.

நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தனியாகப் போனேன். கடையிலிருந்து அந்தத் தெரு அவ்வளவு பக்கம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பந்தலுக்கு வெளியே நின்றேன். வைரக்கண்ணு என்னைப் பார்த்து வந்தாள், கிழவியாகியிருந்தாள். "பாய் வூட்டம்மாவா? இங்கெல்லாம் வந்திருக்கீங்களே!"

எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. அவளிடமே சொன்னேன். விதை எங்கள் வீட்டில்தான் இருந்தது, எனக்குத் தெரியும், அகிலாண்டத்துக்குத் தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

"அட, அது போயித் தொலையுது" என்றாள். "அந்த வருசம் நெல்லு என்னமா விளைஞ்சுது தெரியுமா? அதுக்கப்புறம் அப்படி எங்க விளைஞ்சுது?" அவளுக்கு அது பழைய சிரிப்பு, அவ்வளவுதான்.

அகிலாண்டம் தகப்பனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். அழுது முடித்த முகம். என்னைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இன்னும் எட்டு நாள் இருக்கே" என்றாள்.

உள்ளே அவரைக் குளிப்பாட்ட நேரமாகிவிட்டது என்று யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"வெயில்ல நிக்காத. நோன்பு வச்சிருப்பே. வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.